ஆவாரஞ்செடிக்கு நம் வாசலில் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில், அதிகம் தண்ணீர் கேட்காத தோட்டச் செடிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. காகிதப்பூ, அடீனியம், பத்துமணிப்பூ, கள்ளி வகைகள் என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். எல்லாம் நல்ல செடிகள்தான். எங்கள் வாசலிலும் ஒரு காகிதப்பூ நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நம் மண்ணில் தானாக முளைத்துத் தானாகப் பூக்கிற செடி ஒன்றுகூட அதில் இல்லை. காகிதப்பூவும் பத்துமணிப்பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துச் செடி. எங்கள் எட்டயபுரத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கோ கோவில்பட்டிக்கோ விளாத்திகுளத்துக்கோ, எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னலுக்கு வெளியே ஆவாரை மஞ்சளாக நிற்கும். அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறைதான் என்னை எழுத வைத்தது. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து 2021 மே மாதம் ஓய்வு பெற்றவள். ஊர்க் கடைசியில் வீடு. வீட்டுக்கு முன்னும் பக்கவாட்டிலுமாக ஒரு மூன்று சென்ட் இடம் கிடக்கிறது. மண் கரிசல். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் செருப்பைப் பிடித்து இழுக்கும். கிணறு உண்டு, ஆனால் உப்புத் தண்ணீர். பங்குனி கழிந்தால் அதுவும் வாளிக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். வேலையில் இருந்த வரைக்கும் செடி கொடி பக்கம் திரும்ப நேரம் இருந்ததில்லை. ஓய்வு பெற்றதும் தோட்டம் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மகன் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது நர்சரியில் ரோஜா, குரோட்டன்ஸ், ஒட்டுச் செம்பருத்தி என்று பதினான்கு செடி வாங்கி வந்தான். 2022 கோடையில் அவற்றில் பதினொன்று கருகிவிட்டன. குடிக்கிற தண்ணீரை ஊற்ற மனசு வரவில்லை. உப்புத் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்தது. காலையில் எழுந்து அந்தச் செடிகளைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அந்த வெயிலில் எங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே, ஜல்லி கொட்டிய ரோட்டு ஓரத்தில், ஒரு ஆவாரை நின்றது. அதற்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. லாரி போகிற தூசி முழுக்க அதன் மேல்தான். அப்படியும் கொண்டைப்பூ மாதிரி நுனியில் நாலு கொத்து வைத்திருந்தது. உள்ளே காசு கொடுத்து வாங்கிய செடி கருகுகிறது, வெளியே காசில்லாத செடி பூக்கிறது. இதை ஏன் உள்ளே வைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தோண்டிக் கொண்டுவந்து வைத்தால் பிடிக்கவில்லை. ஒரு முழம் உயரச் செடிதான், ஆனால் வேர் அதைப் போல இரண்டு மடங்கு கீழே நேராகப் போயிருந்தது. பாதியில் அறுந்தது. மூன்று நாளில் இலை கொட்டிவிட்டது. நர்சரிகளில் கேட்டுப் பார்த்தேன். கோவில்பட்டியில் ஒரு கடையில், "அது காட்டுச் செடிங்க, அதை யாரு வாங்குவா" என்றார்கள். சரி, விதை போடுவோம் என்று, ரோட்டோரச் செடிகளில் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வந்தேன். ஆவாரங்காய் தட்டையாக, விதை இருக்கிற இடங்கள் மட்டும் புடைத்து, காய்ந்ததும் காகிதம் மாதிரி சலசலக்கும். ஒரு நெற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு விதை தேறும். 2022 ஆவணியில் எண்ணி ஐம்பது விதை போட்டேன். இரண்டுதான் முளைத்தது.

எங்கள் தெரு வழியாக ஆடு பத்திக்கொண்டு போகிற பெரியவர் ஒருவர் உண்டு. நான் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு நின்றார். "என்ன தாயி தேடுற?" என்றார். சொன்னேன். "கல்லைப் புதைச்சு வச்சா முளைக்குமா? அதுக்குச் சுடுதண்ணி காட்டணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆவாரை விதையின் தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே இறங்காது. அதில் ஒரு காரணம் இருக்கிறது. சித்திரையில் ஒரு நாள் இடியும் மின்னலுமாகக் கொட்டி, மறுநாளே வெயில் கொளுத்தும் பாருங்கள், அந்த மழையை நம்பி முளைத்தால் குருத்து கருகிச் சாக வேண்டியதுதான். தோல் கெட்டியாக இருப்பதால் எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்துவிடுவதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, மண்ணில் உரசி, தோல் நைந்த விதை மட்டும் ஒவ்வொன்றாக முளைக்கும். மற்றவை அடுத்த வருடத்துக்கு, அதற்கடுத்த வருடத்துக்கு என்று மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். காட்டில் அதற்கு அவசரமில்லை. வீட்டில் வளர்க்கிற நமக்குத்தான் அவசரம். அதனால் அந்தத் தோலை நாம் இளக்கித் தர வேண்டியிருக்கிறது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். ஒரு கிண்ணத்தில் விதையைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் ஊறி இரண்டு மடங்காகப் பெருத்து, வழுவழுப்பான ஒரு பசையோடு இருக்கும். சில அப்படியே கல் மாதிரி கிடக்கும். பெருத்ததை அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். கல்லாகக் கிடப்பதை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்துவிட்டுத் திரும்ப ஊறப்போட்டால் அதுவும் பெருக்கும். அடுப்பில் வைத்து விதையோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது, வெந்துவிடும். இப்படிச் செய்து அதே 2022 புரட்டாசியில் இன்னொரு ஐம்பது போட்டேன். பத்து நாளுக்குள் முப்பத்தொன்று முளைத்தது. பத்து முளைத்தாலே போதும் என்றுதான் நினைத்திருந்தேன். முப்பத்தொன்று என்று எண்ணி முடித்தபோது என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திரும்ப எண்ணச் சொன்னேன்.

மாதம் முக்கியம். ஆவணிக் கடைசி, புரட்டாசியில் போட்டால், பின்னால் வருகிற ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கச் செடிக்குக் கிடைக்கும். கோடைக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். மாசி, பங்குனியில் போட்டுவிட்டுக் குடம் குடமாகச் சுமப்பது வீண் வேலை.

நேராக நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றுவதுதான் நல்லது. முடியாது என்றால் நீளமான பையாகப் பார்த்துப் போட்டு, ஒரு சாண் உயரம் வருவதற்குள் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நான் சின்னப் பையில் நான்கு மாதம் வைத்திருந்த ஐந்து செடிகளில் வேர் பைக்குள்ளேயே சுருண்டுவிட்டது. மண்ணில் வைத்த பிறகும் அவை கிளம்பவே இல்லை. நேராக ஊன்றியது ஓர் ஆள் இடுப்பு உயரம் வந்தபோது அவை முழங்காலைத் தாண்டவில்லை. நர்சரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆவாரை வறட்சியைத் தாங்கும், ஈரத்தில் நிற்காது. முதலில் பதினெட்டுச் செடிகளை நிலத்தில் நிறுத்தினேன். 2023 ஐப்பசியில் முதல் பூ வந்தது. வீட்டில் விசேஷம் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த வருடம் மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17ஆம் தேதி, எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் வீட்டில் பள்ளமான மூலையில் எட்டு நாள் தண்ணீர் நின்றது. கரிசல் குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. அந்த மூலையில் இருந்த ஆறு செடிகளும் அடியிலிருந்து மேலாக மஞ்சளாகிச் செத்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், வேர் கறுத்து நாற்றம் எடுத்தது. மேட்டில் இருந்த பன்னிரண்டும் ஒரு இலைகூட வாடவில்லை. அதனால் கரிசலில் வைக்கிறவர்கள் அரை முழமாவது மேடு கட்டி, ஓடை மணலும் சரளையும் கலந்து வையுங்கள். செம்மண், சரளை நிலம் என்றால் எதுவும் வேண்டாம், அது அதற்குப் பிறந்த வீடு.

முதல் கோடைக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு செடிக்கு ஒரு குடம். அதுவும் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான். இரண்டாவது கோடையில் ஒன்றும் ஊற்றவில்லை. இந்த வருடக் கோடையிலும் ஊற்றவில்லை. வெயில் உச்சத்துக்குப் போனால் இலையைக் கொஞ்சம் உதிர்த்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம், ஒரு மழைக்குத் திரும்பி வந்துவிடும். உரமும் தேவையில்லை. சாணிக் குப்பைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு செடி மட்டும் கிளுகிளுவென்று இலையாக வளர்ந்தது, பூ மற்றதில் பாதிகூட இல்லை. ஆடியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். புதுக் கிளையின் நுனியில்தான் பூ வரும் என்பதால் வெட்ட வெட்டக் கிளை பெருகும், பூவும் பெருகும். வெட்டாமல் விட்டால் நெட்டையாகப் போய் அடி மொட்டையாகிவிடும். எங்கள் தெரு ஆடுகள் காகிதப்பூவைக்கூடக் கடித்துப் பார்க்கின்றன, ஆவாரையில் வாய் வைத்து நான் பார்த்ததில்லை. வேலி இல்லாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஊர்ப்புறத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஏழு ஏழரைக்குக் காப்பித் தம்ளரோடு செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கருவண்டு வரும். கட்டைவிரல் தடிமன், கரேலென்று, இறக்கையில் மட்டும் நீலம் மின்னும். மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கிற வண்டு அது. பறந்து வரும்போது ஒரு சத்தம். பூவில் உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிடும். அடுத்த நொடி வேறொரு சத்தம், மெல்லியதாக, கொஞ்சம் கூர்மையாக, தையல் மெஷினை ஒரு மிதி மிதித்து நிறுத்தின மாதிரி. பூ முழுக்க அதிரும். முதலில் எனக்கு விளங்கவில்லை. பூவைப் பறித்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஐந்து இதழ், நரம்பு ஓடிய மஞ்சள். நடுவே அரிவாள் மாதிரி வளைந்த மகரந்தப் பைகள். மேல்பக்கம் இருக்கிற மூன்று மட்டும் குட்டையாகச் சூம்பியிருக்கும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை பக்கவாட்டில் பிளந்து பொடி தானாகக் கொட்டும். ஆவாரையில் நுனியில் ஒரு சின்னத் துளைதான். உப்பு டப்பாவைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினால்தான் பொடி வரும். வண்டு இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைத்து அந்தப் பொடியை உதிர்க்கிறது. பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகத்தான் வருகிறது. சாதாரணத் தேனீக்கு இந்த அதிர்வு வராது. இத்தனை வருடம் இந்தப் பூவைப் பறித்திருக்கிறேன், சாமிக்கு வைத்திருக்கிறேன், இதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி வட்டமாக இரண்டு சின்ன இலை இருக்கும். அதுவும் ஆவாரையின் ஓர் அடையாளம். அறிவியல் பெயரில் இருக்கிற 'ஆரிகுலேட்டா' என்ற சொல்லுக்குக் காது உடையது என்றுதான் அர்த்தமாம். மஞ்சள் பூவைப் பார்த்துவிட்டு வேறு கொன்றை வகையை ஆவாரை என்று நினைத்துக்கொள்கிறவர்கள், அந்தக் காதைத் தேடிப் பாருங்கள்.

கார்த்திகையில் பச்சைப் புழு வந்தது. இலையின் நிறத்திலேயே இருக்கும், கிட்டப் போனால்தான் தெரியும். மூன்று செடிகளை நரம்போடு தின்றுவிட்டது. வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லாம் கலந்து வைத்துவிட்டேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "ஆச்சி, இது பட்டாம்பூச்சிப் புழு, அடிக்காதீங்க" என்று கையைப் பிடித்தான். விட்டுவிட்டேன். சில நாளில் இலைக்கு அடியில் இலை மாதிரியே கூடு தொங்கியது. பிறகு ஒரு காலையில் பச்சை கலந்த வெள்ளையில் நாலைந்து பட்டாம்பூச்சி செடியைச் சுற்றிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் ஆவாரை, கொன்றை வகைகளில்தான் அவை முட்டையிடும். தின்ற செடி இருபது நாளில் துளிர்த்துவிட்டது. ரோட்டோர ஆவாரை போய்விட்டால் இந்தப் புழுவுக்குப் போக்கிடம் குறைந்துபோகும்.

போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஐயா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எட்டயபுரம் ரோடு ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம், மரத்துக்குக் கீழே ஆவாரையும் எருக்கும் துத்தியும் கொளுஞ்சியுமாக இருக்கும். நான்கு வழிச் சாலை வந்தது, வரட்டும், ஆஸ்பத்திரிக்கு மதுரை போகிற எங்களுக்கு அது தேவை. ஆனால் ஓரம் முழுக்கச் செதுக்கியாயிற்று. செதுக்கிய இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது சீமைக்கருவேலம். காட்டுப் பக்கம் மிச்சம் இருந்த ஆவாரைத் திட்டுகளையும் அது மூடிவிட்டது. பிளாட் போடுகிறவர்கள் ஒரு பொழுதில் பத்து ஏக்கரை மொட்டையடிக்கிறார்கள். அம்மா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனால் கால் மணி நேரத்தில் நிறைய ஆவாரம்பூவோடு வருவாள். போன பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரை தேடி என் தம்பி பைக்கில் ஆறு கிலோமீட்டர் போயிருக்கிறான்.

பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, கண்ணுப்பிள்ளை (சிறுபீளை), ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு நிலையிலும் மாட்டுத் தொழுவத்திலும் வயல் மூலையிலும் செருகாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. இப்போது கோவில்பட்டி சந்தையில் அதைக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள். விற்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மூன்று நாள் வியாபாரம் அவர்களுக்குப் பெரிது. ஆனால் கிளையோடு ஒடித்து, சில இடத்தில் வேரோடு பிடுங்கிக் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்கு ஒரு செடி இருந்தால் இரண்டு கொத்து கிள்ளிக்கொண்டு போக வேண்டியதுதானே.

இந்தச் செடி நமக்கு இன்று நேற்று வந்த உறவு இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியர் சொல்வார். சங்க காலத்தில் காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையில் மடலேறப் போகிறவன் சூடிக்கொண்ட பூக்களிலும் ஆவிரை உண்டு. ராஜபாளையத்தில் ஆவாரம்பட்டி என்றே ஒரு பகுதி இருக்கிறது. என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையை உரித்து மூட்டை கட்டித் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு அனுப்புவார்கள். பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் தோலைப் பதப்படுத்தும். பிறகு வெளிநாட்டு வாட்டில் மரப் பட்டையும் ரசாயனமும் வந்து அந்தத் தொழில் நின்றது. தெலங்கானாவில் இதைத் தங்கேடு என்கிறார்கள். பதுக்கம்மா பண்டிகையில் பூ அடுக்குகிறபோது அது இல்லாமல் முடியாது, அந்த மாநிலத்தின் மாநிலப் பூவும் அதுதான். இலங்கையில் ரணவரா என்று சொல்லிப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூத் தண்ணீரை மட்டும் குடித்து, கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவரை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு. அவர் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். பூவை நாங்கள் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கிறோம், லேசான துவர்ப்போடு நன்றாக இருக்கும். நிழலில் காயவைத்துப் பயற்றமாவோடும் பூலாங்கிழங்கோடும் அரைத்துக் குளிக்கிற பொடியில் சேர்க்கிறோம். அதற்குமேல் நான் எதையும் வாக்குக் கொடுக்க மாட்டேன். மருந்தாக இல்லாவிட்டாலும் அந்தச் செடி எனக்கு வேண்டும்.

எனக்கு இன்னும் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. 2023 புரட்டாசியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரமாகப் பிள்ளைகளை வைத்து இருபத்தைந்து ஆவாரை விதைத்தேன். இடம் மேடு, மழையில் ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கு ஒரு செடி என்று பிள்ளைகள் பெயர் எழுதிக் குச்சி நட்டிருந்தார்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மிஞ்சியதைச் சாயந்திரம் ஊற்றிவிட்டுப் போவார்கள். 2024 கோடை விடுமுறையில், மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று வளாகத்தைச் சுத்தம் செய்யப் பொக்லைன் வந்தது. சீமைக்கருவேலத்தை எடுக்க வந்த இயந்திரம் முழங்கால் உயர ஆவாரையையும் சேர்த்து வழித்துவிட்டது. ஓட்டிய தம்பியைக் கேட்டேன், "எல்லாம் முள்ளுச்செடின்னுதான் சொன்னாங்க அக்கா" என்றான். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது அவன் தவறில்லை, பொறுப்பில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆவாரையில் முள்ளே கிடையாது. பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் வந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பெயர் எழுதிய குச்சியை மட்டும் மண்ணிலிருந்து தேடி எடுத்தாள். வெட்டிவிட்டிருந்தால்கூட அடிக்கட்டையிலிருந்து துளிர்த்திருக்கும், வேரோடு வழித்ததால் போயிற்று. ஒரே ஒரு செடி, சுவர் மூலையில் இயந்திரத்தின் கை எட்டாத இடத்தில் தப்பியது. இப்போது அது என் தோள் உயரம் இருக்கிறது.

அதனால் என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன். சீமைக்கருவேலத்தை எடுக்கட்டும், நல்லது. எடுக்கப் போகிற முன்னால், எது எடுக்க வேண்டியது, எது விட வேண்டியது என்று ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அடையாளம் போடட்டும். ஒரு மணி நேர வேலை. நூறு நாள் வேலையில் இருக்கிற அக்காமார்களுக்கு இந்தச் செடி நன்றாகத் தெரியும், அவர்களைக் கேட்டாலே போதும். நான்கு வழிச் சாலைகளின் நடுவில் அரளி வைத்திருக்கிறார்கள், கோடையில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து அடிக்கிறார்கள். அந்த வரிசையில் ஆவாரையையும் வைத்துப் பார்க்கலாம். எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கிற உயரம் வரும், வெட்டுக்கு அடங்கும், இரண்டு வருடத்துக்குப் பிறகு லாரி வேண்டியிருக்காது. வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் நாற்று வளர்த்துக் கொடுக்கிறார்கள். தேக்கும் வேங்கையும் போல ஆவாரைக்கும் ஒரு பாத்தி ஒதுக்கினால், என்னைப் போல ஐம்பது விதையை வீணாக்காமல் மற்றவர்கள் நேராகத் தொடங்கலாம்.

தங்களிடம் கேட்பது இதுதான். ஞாயிறு இணைப்பில் அடுத்த முறை தோட்டப் பக்கம் வரும்போது ஆவாரைக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படம் பெரிதாகப் போடுங்கள், அந்தக் காது மடல் இலை தெரிகிற மாதிரி. ஆவணி பிறப்பதற்குள் வந்தால் நல்லது. படித்துவிட்டு நெற்று தேடிப் போகிறவர்களுக்குப் புரட்டாசிக்குள் விதை கையில் இருக்கும். பூவுக்குப் பேர் போன செடிகளை நகரத்து வாசகர்களுக்காகப் போடுகிறீர்கள் என்று புரிகிறது. நகரத்திலும் மொட்டை மாடியில் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முக்கால் ஆள் ஆழத் தொட்டி வேண்டாம், முழங்கால் ஆழம் இருந்து, அடியில் தண்ணீர் வடிய வழி இருந்தால் ஆவாரை அதிலும் நிற்கும். என் மகன் கோயம்புத்தூரில் ஒன்று வைத்திருக்கிறான், போன கார்த்திகையில் பூத்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வைத்திருக்கிறேன். என் மேட்டுச் செடிகளில் இந்த மாசியில் எடுத்த விதை, எண்ணினேன், அறுபத்துநான்கு இருக்கிறது. தங்கள் அலுவலக வாசலில் வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடம் இருந்தால் புரட்டாசியில் போடச் சொல்லுங்கள். வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைக்க மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
எட்டயபுரம், தூத்துக்குடி மாவட்டம்.
ஆடி, 2025